கொரியர்கள் உண்பதில் கால் பங்கு: அதிபதப்படுத்திய உணவு என்றால் என்ன, உணவின் தரம் என்றால் என்ன?

"பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "கொரியாக்காரர்களைப் பாருங்கள், கிம்ச்சி சாப்பிட்டு எவ்வளவு ஒல்லியாக இருக்கிறார்கள்" என்று அடுத்தது வரும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் ஃபார்வர்டு செய்வதும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் சாப்பாட்டு மேசையை வைத்து ஒரு நாட்டை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். தென்கொரியாவில் வயதுவந்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இன்று பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். (உடல் எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்தான் பிஎம்ஐ, 25ஐத் தொட்டாலே அங்கே உடற்பருமன் என்று கணக்கு.) நாடு முழுவதும் பெரியவர்கள் உண்ணும் கலோரியில் சுமார் கால் பங்கு, செய்திகளில் 'அல்ட்ரா பிராசஸ்டு ஃபுட்' என்று அடிபடுகிறதே, அந்த வகை உணவிலிருந்து வருகிறது. இந்தக் கட்டுரையில் அதை அதிபதப்படுத்திய உணவு என்று அழைப்போம்.

இதைப் பற்றிய பேச்சு குழம்புவதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஓர் உணவு ஆலையில் எவ்வளவு உருமாறியது என்பது ஒரு கேள்வி. ஒருவர் மொத்தமாகச் சாப்பிடும் சாப்பாடு எவ்வளவு நல்லது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொரியாவை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பதப்படுத்துவது குற்றமில்லை

நெல்லைக் குத்துவது, பாலைக் காய்ச்சுவது, மீனை உப்புக்கண்டம் போடுவது எல்லாமே பதப்படுத்தல்தான். கொரியச் சமையலே இதன்மேல்தான் நிற்கிறது. கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் பூண்டும் பூசிப் புளிக்கவைத்தால் கிம்ச்சி. குளிர்காலத்துக்கு முன் ஊரே கூடி அதைப் போட்டுவைக்கும் வழக்கத்துக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. கிம்ச்சியைக் கெட்டது என்று எந்த ஊட்டச்சத்து நிபுணரும் ஒதுக்குவதில்லை. உப்பைப் பற்றி மட்டும் முணுமுணுப்பார்.

அப்படியானால் 'அதி' எங்கே தொடங்குகிறது? பழைய வீடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வெள்ளையடிக்கலாம், ஓடு மாற்றலாம், திண்ணையை நீட்டிக் கட்டலாம். எல்லாம் செய்த பிறகும் அது அந்த வீடுதான். இன்னொருவர் அதை இடித்து மரம், கல், இரும்பு என்று தனித்தனியாகப் பிரிக்கிறார். வேறு பல வீடுகளிலிருந்து வந்த சாமான்களோடு கலந்து, பெயின்ட் பூசி, புதுக் கட்டடம் எழுப்புகிறார். மரம் பழைய வீட்டு மரம்தான், ஆனால் வீடு இல்லை. சோயாபீன்ஸுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆலையில் நடப்பது இரண்டாவது வேலை. சோயாவிலிருந்து எண்ணெய், புரதம், லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள். சோளத்திலிருந்து மாச்சத்து, குளுக்கோஸ் பாகு. இப்படிப் பிரிந்த பொருள்களை நிறமூட்டி, சுவையூட்டி, குழம்பாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைப்பது) ஆகியவற்றோடு சேர்த்து, புதிதாக ஒரு தின்பண்டமாக வார்த்தெடுப்பதுதான் அதிபதப்படுத்தல்.

இந்தப் பார்வையை 2009இல் முன்வைத்தவர் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ. பிரேசில் குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்தபோது அவருக்கு ஒரு புதிர் எழுந்தது: வீடுகள் வாங்கும் சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் குறைந்துகொண்டே வந்தன, உடற்பருமனோ ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை எங்கும் போகவில்லை. கடையில் விற்கும் பண்டத்துக்குள் ஏற்கெனவே கரைந்து வந்துகொண்டிருந்தது. எனவே சத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், உணவு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் வைத்துப் பிரிக்க வேண்டும் என்றார் அவர். அவருடைய வகைப்பாட்டின் பெயர் நோவா.

நோவாவில் நான்கு தொகுதிகள். முதலாவதில் அரிசி, முட்டை, மீன், கீரை, பால் போன்று பெரிதாக உருமாறாதவை. இரண்டாவதில் எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்று சமைக்க மட்டும் பயன்படுபவை. முதல் இரண்டும் கலந்து எளிய முறையில் செய்தவை மூன்றாவது; கிம்ச்சியும் உப்புமீனும் இங்கே வரும். நான்காவதுதான் நம் விஷயம். ராமியோன் எனும் உடனடி நூடுல்ஸ், ஸ்பாம் போன்ற டின் இறைச்சி, குளிர்பானம், கிரீம் பன், மீன் விழுதோடு மாவும் மாச்சத்தும் சேர்த்துச் செய்யும் ஓமுக், குச்சிப் பொட்டலத்தில் வரும் காபி மிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம்.

சுருக்கமாக, பொட்டலமா இல்லையா என்பது கேள்வியே இல்லை. உள்ளே இருப்பது முழு உணவா, பிரித்துச் சேர்த்த பொருளா என்பதுதான் கேள்வி. பொட்டலத்தில் வரும் அரிசி முதல் தொகுதி. திறந்த ஜாடியில் விற்கும் சாய மிட்டாய் நான்காம் தொகுதி.

மூன்று சோயா சாஸ், ஒரே நிறம்

கோட்டை எங்கே போடுவது என்று தெரிய கொரியக் கடையின் கன்ஜாங் அலமாரியைவிட நல்ல இடம் கிடையாது. கன்ஜாங் என்பது கொரிய சோயா சாஸ்.

பழைய முறை இது. சோயாவை வேகவைத்து மசித்துச் செங்கல் போல அடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு நொதிக்க விடுவார்கள். அந்தக் கட்டிக்குப் பெயர் மேஜு. அதை மண்ஜாடியில் உப்புநீரில் ஒன்றிரண்டு மாதம் ஊறவைப்பார்கள். இறங்கும் கறுப்புச் சாறு கன்ஜாங். அடியில் நிற்கும் விழுது தென்ஜாங். ஒன்றும் வீணாகாது. கன்ஜாங், தென்ஜாங் போன்ற இந்த ஜாங் வகைகளைச் செய்யும் மரபை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது வகை ஆலையில் நொதிப்பது. எண்ணெய் பிழிந்த சோயாவோடு கோதுமை சேர்த்து, தேர்ந்தெடுத்த பூஞ்சையை விட்டு, மாதக்கணக்கில் வைப்பார்கள். இடம் ஆலை என்றாலும் வேலை செய்வது நுண்ணுயிர்தான்.

மூன்றாவதில் நுண்ணுயிரே இல்லை. எண்ணெய் எடுத்த சோயாப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும். சாஸின் சுவைக்கு அடிப்படை அவைதாம். பிறகு அமிலத்துக்கு எதிரான காரப்பொருளைச் சேர்த்து அதை முறித்தால் சாதாரண உப்பு உண்டாகிவிடும். மாதக்கணக்கான வேலை சில நாளில் முடியும். நிறத்துக்கும் இனிப்புக்கும் சிலதைச் சேர்த்து, நொதித்த சாஸோடு கலந்து, 'கலப்புக் கன்ஜாங்' என்று மலிவாக விற்கிறார்கள். வகையின் பெயர் லேபிளில் இருக்கும், படிப்பவர் குறைவு.

சட்டியில் ஊற்றினால் மூன்றும் ஒரே நிறம். முதலாவது தெளிவாக மூன்றாம் தொகுதி. கடைசி தெளிவாக நான்காம் தொகுதி. நடுவில் உள்ளதை எங்கே வைப்பது என்று இரண்டு நிபுணரைக் கேட்டால் இரண்டு பதில் வரலாம். நோவாவைக் குறை சொல்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான், அது நியாயமான குறையும்கூட. ஆனால் விளிம்பு மங்கலாக இருப்பதால் நடுப்பகுதியும் இல்லை என்று ஆகிவிடாது. கோலாவும் கீரையும் எந்தத் தொகுதி என்று யாரும் சண்டை போடுவதில்லை.

கால் பங்கு என்ற எண் எங்கிருந்து வருகிறது

தென்கொரியாவில் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1998 முதல் நடக்கிறது. இப்போது ஆண்டுதோறும் சுமார் 10,000 பேரைப் பார்க்கிறார்கள். ரத்தம் எடுப்பது, எடை பார்ப்பது ஆகியவற்றோடு, "நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு?" என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ஒவ்வோர் உணவையும் நோவாத் தொகுதியில் போட்டு, நான்காம் தொகுதியின் கலோரி மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அலகு. அதுதான் இந்தச் சதவீதத்தின் அடிப்படை.

அப்படிக் கணக்கிட்டதில் 2010–12இல் 23.1 சதவீதமாக இருந்தது 2016–18இல் 26.1 சதவீதமாக ஏறியிருந்தது. அமெரிக்காவில் இது பாதிக்கு மேல். கொரிய எண்ணைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: ஒரு பொட்டலம் ராமியோன் சுமார் 500 கலோரி. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சரியாகக் கால் பங்கு. எல்லாரும் தினம் ஒரு பொட்டலம் சாப்பிடுகிறார்கள் என்று பொருளல்ல. ஆண்டுக்குத் தலைக்கு 80ஐ ஒட்டித்தான் வருகிறது. அதுவே உலகில் முதல் வரிசை என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கில் சில வேடிக்கைகள் உண்டு. சர்க்கரை இல்லாத கோலா நான்காம் தொகுதி, ஆனால் கலோரி இல்லாததால் சதவீதத்தில் தலைகாட்டவே காட்டாது. சோஜு நேர்மாறு. பச்சைக் குப்பியில் வரும் சாதாரண சோஜு என்பது வடித்தெடுத்த சாராயத்தில் தண்ணீரும் இனிப்பூட்டியும் சேர்த்தது. நோவா விதிப்படி பீரும் ஒயினும் மூன்றாம் தொகுதி, வடித்த மது நான்காம் தொகுதி. 360 மில்லி குப்பி ஒன்றில், மதுவின் அளவைப் பொறுத்து, ஏறக்குறைய 300 முதல் 400 கலோரி. ஆக, அலுவலகம் முடிந்து கூட்டாளிகளோடு ஒரு குப்பி இறக்கியவரின் சதவீதம், அன்று அவர் பிஸ்கட் ஒன்றுகூடத் தொடாவிட்டாலும் ஏறிவிடும். இந்த வகை உணவை இளைஞர்களும் ஆண்களும் அதிகம் உண்கிறார்கள் என்ற முடிவைப் படிக்கும்போது, மதுவைச் சேர்த்தார்களா என்று பார்ப்பது நல்லது.

உணவின் தரத்துக்கு வேறு அளவுகோல்

ஒருவரின் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட கொரியாவில் நலவுணவுக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 14 அம்சங்கள், 100 மதிப்பெண். பழம், பல்தானியம், பால், முட்டை-மீன்-இறைச்சி-பருப்பு போதுமான அளவு உண்டால் மதிப்பெண் கூடும். உப்பில் இருக்கும் சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, இனிப்புப் பண்டங்களும் பானங்களும் தரும் கலோரி ஆகியவை அதிகமானால் குறையும். மாவுச்சத்தும் கொழுப்பும் அளவோடு இருக்கிறதா, மொத்தக் கலோரி சரியா என்றும் பார்ப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது காய்கறிக்கான ஏற்பாடு. மொத்தக் காய்கறிக்கு 5 மதிப்பெண். கிம்ச்சியும் ஊறுகாய்க் காய்களும் போக மீதிக் காய்கறிக்குத் தனியாக இன்னொரு 5. கிம்ச்சியைக் காட்டியே காய்கறிக் கணக்கை முடித்துவிடும் மக்களை நன்றாகத் தெரிந்தவர்கள் வகுத்த விதி இது! காலைச் சாப்பாட்டுக்கு 10 மதிப்பெண் உண்டு; வாரத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி, என்ன சாப்பிட்டார் என்பதல்ல. தினமும் கிரீம் பன்னைக் கடித்துக்கொண்டு ரயில் ஏறுபவருக்கும் அந்த 10 கிடைக்கும்.

கவனியுங்கள், இந்த 14இல் எங்குமே 'ஆலையில் செய்ததா' என்ற கேள்வி இல்லை. நோவாவில் எங்குமே 'சோடியம் எவ்வளவு' என்ற கேள்வி இல்லை. அதனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகரவும் முடியும், நகர்ந்தும் இருக்கின்றன. 2010இல் ஒரு கொரியர் சராசரியாக நாளைக்கு 4,800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டார். அரசின் உப்புக்குறைப்பு இயக்கத்துக்குப் பிறகு, 2018 வாக்கில் அது 3,300ஐ ஒட்டி இறங்கியது. (உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000.) அதே ஆண்டுகளில்தான் அதிபதப்படுத்திய உணவின் பங்கு ஏறியது. காரணம் கடினமானதல்ல. கொரியச் சாப்பாட்டின் உப்பு பெருமளவு வந்தது கிம்ச்சி, சூப், ஜாங் வழியாக. பாட்டி கைச் சமையல் நோவாவில் நல்ல பெயர் எடுக்கும், சோடியத்தில் தோற்கும். வெள்ளைச் சோறு மிகுந்து, பாலும் கால்சியமும் குறைந்த சாப்பாடாகவும் அது இருந்தது. பழைய தட்டு குறையே இல்லாத தட்டு என்று நினைப்பது வரலாறு அல்ல, ஏக்கம்.

இதுவரை பார்த்ததில் மனதில் நிற்க வேண்டியது: நோவா சொல்வது செய்முறையை, குறியீடு சொல்வது சத்துச் சமநிலையை. ஒன்றின் எண்ணை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

இரண்டும் சந்திக்கும் இடம்

ஆனாலும், கணக்கெடுப்புத் தரவில் கொரியர்களை அதிபதப்படுத்திய உணவின் பங்குவாரியாக வரிசைப்படுத்தினால், பங்கு கூடக்கூடச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. நார்ச்சத்து, காய்கறி, பழம் குறைகின்றன. ஏன்? முதற்காரணம் இடப்பறிப்பு. வயிறு ஒன்றுதான், ஒன்று உள்ளே வந்தால் மற்றொன்று வெளியே போகும். பேக்பான் என்ற சாதாரண ஓட்டல் சாப்பாட்டில் சோறு, தென்ஜாங் சூப், வறுத்த அயிலை, கீரை, முளைகட்டிய பயறு, கிம்ச்சி என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரும். அந்த மதிய வேளையைக் கப் நூடுல்ஸும் இனிப்புக் காபியும் பிடித்துக்கொண்டால் இழப்பு ஒரு வேளைச் சோறு மட்டுமல்ல. ஐந்தாறு கிண்ணங்கள் மொத்தமாகப் போகின்றன.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. 2019இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதிபதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் உருமாறாத உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து சமம். முதல் வகையில் நார்ச்சத்து போதாமல், பானத்தில் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு செய்தி. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். முடிவு: அதிபதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். மென்மையான உணவு வேகமாக உள்ளே போகிறது. ஒவ்வொரு வாயிலும் கலோரி அடர்த்தியாக இருக்கிறது. போதும் என்ற உணர்வு வந்து சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

இதோடு 2025இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 55 பேர், ஒவ்வொரு வகைக்கும் எட்டு வாரம். இம்முறை இரண்டு வகையையுமே அரசின் சத்துணவு வழிகாட்டலுக்கு ஏற்ப அமைத்தார்கள். அதிபதப்படுத்திய உணவை உண்டபோதும் எடை குறைந்தது, சுமார் 1 சதவீதம். உருமாறாத உணவில் சுமார் 2 சதவீதம். ஆக, சத்துச் சமநிலை சரியாக இருந்தால் பாதிப் பாதை போகலாம். மீதிப் பாதியில் செய்முறைக்கும் பங்கு இருக்கிறது. இரண்டு அளவுகோலும் தேவை என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் ஏறுகிறது

சோம்பல் என்று சொல்வது எளிது. ஆனால் மாறியது வாழ்க்கைமுறை. 1970இல் ஒரு கொரியர் ஆண்டுக்கு 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2023இல் 56 கிலோ. மூன்றில் ஒரு குடும்பத்துக்கு மேல் இன்று ஒற்றை ஆள் குடும்பம். ஒருவருக்காக ஆறு கிண்ணம் சமைப்பவர் யார்? தெருவுக்கு ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர், நாடு முழுக்க 50,000க்கு மேல், இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர் தயார்.

நான்காம் தொகுதியில் எல்லாமே ஒரே ரகமா

இல்லை. அமெரிக்காவில் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளில் நீரிழிவு அபாயத்தோடு வலுவாக ஒட்டிநின்றவை சர்க்கரைப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும். ஆலையில் செய்த முழுத்தானிய ரொட்டியும் சுவையூட்டிய தயிரும் அதே தொகுதியில் இருந்தும் அபாயத்தைக் கூட்டவில்லை. இவை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் மட்டுமே. ஸ்பாம் அதிகம் தின்பவர் புகையும் பிடிப்பவராக, தூக்கம் கெட்டவராக இருக்கலாம். கணிதத்தால் அதைக் கழிக்க முயல்வார்கள், முழுதும் கழியாது. கொரியாவுக்கு வந்தால், சர்க்கரை சேர்த்த சோயாப் பாலையும், கிரீமரும் சர்க்கரையுமாக வரும் காபி மிக்ஸையும் ஒரே தொகுதியில் போட்டு ஒரே தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு சட்டி ராமியோனை வைத்தே இதைக் கணக்குப் பார்க்கலாம். அப்படியே சாப்பிட்டால் அந்த வேளையின் 500 கலோரியும் நான்காம் தொகுதி, அதாவது 100 சதவீதம். ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கைப்பிடி வெங்காயத்தாளும் முளைப்பயறும் போட்டால் ஒரு 100 கலோரி கூடும். பங்கு 83 சதவீதம். நோவாவில் பெரிய மாற்றமில்லை. குறியீட்டிலோ காய்கறிக்கும் முட்டைக்கும் மதிப்பெண் வருகிறது. சாற்றைக் குடிக்காமல் விட்டால் உப்பில் கணிசமான பகுதி சட்டியிலேயே தங்கிவிடும். சாற்றில் கலோரி குறைவு என்பதால் நோவாவின் சதவீதம் அதை ஏறக்குறைய கவனிக்கவே கவனிக்காது. கொரியர்கள் பலர் செய்வது வேறு: நூடுல்ஸ் தீர்ந்ததும் மிச்சச் சாற்றில் ஆறிய சோற்றைப் போட்டுக் கலக்கி வழித்துச் சாப்பிடுவார்கள். வெறும் ராமியோனோடு ஒரு கிண்ணம் சோறு, சுமார் 310 கலோரி, அதுவும் முதல் தொகுதி. பங்கு சட்டென்று 62 சதவீதமாக இறங்கிவிடும். பொட்டலத்தின் உப்பு அத்தனையும் வயிற்றுக்குள் போயிருக்கும்.